சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் பயிற்சி: எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது?

நிதியாண்டு முடியப் போகிறது. பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு வைத்துவிடலாம் என்று முடிவாகிறது. அப்போது எச்.ஆர். பிரிவிலிருந்து வரும் கோரிக்கை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பிபிடி போட்டுப் பேசினா தூங்கிடுவாங்க சார். ஏதாவது கேம்ஸ், ஆக்டிவிட்டி வெச்சுப் பண்ணுங்க."

தூங்கிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் எந்த விளையாட்டு என்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. பலூனைக் கீழே விழாமல் தட்டுவதும் ஆக்டிவிட்டிதான், மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு சப்ளை செயினையே நடத்திப் பார்ப்பதும் ஆக்டிவிட்டிதான். இரண்டிலும் ஆட்கள் விழித்திருப்பார்கள். திங்கட்கிழமை காலை லைனில் என்ன மாறும் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

பொதுவாகப் பேசினால் எல்லா விளையாட்டும் நல்லதாகத்தான் தெரியும். அதனால் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். ஓரகடத்திலோ ஓசூரிலோ இருக்கிறது, 25 சூப்பர்வைசர்கள். மூன்று புகார்கள். ஷிஃப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போகிறது. சூப்பர்வைசர்கள் ஆபரேட்டர்களிடம் பேசும் விதம் சரியில்லை. அப்புறம், புரொடக்‌ஷனும் குவாலிட்டியும் ஸ்டோர்ஸும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பக்கம் உள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இவை மூன்றும் பழகிய விஷயங்கள்.

விளையாட்டே இல்லாத நேரடி வகுப்பையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது, புகார்க் குழுவை எப்படி அணுகுவது என்பதையெல்லாம் தெளிவாக எடுத்துச் சொல்லிவிட்டு, கேள்விகளுக்கு நேரம் விடுவதே சரி. அங்கே விளையாட்டைப் புகுத்தினால் விஷயத்தின் கனம் குறைந்துவிடும். மொபைலில் பதில் அழுத்தும் வினாடி வினா செயலிகளும் அப்படித்தான். சொன்னது நினைவில் இருக்கிறதா என்று பார்க்கலாம், நடத்தையைப் பழக்க முடியாது. நம்முடைய மூன்று புகார்களுமே நடத்தை பற்றியவை.

முதல் புகாருக்கு நான் சிபாரிசு செய்வது மிகவும் மலிவான விளையாட்டு. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் கையில் ஒரு படம், இன்னொருவர் கையில் வெள்ளைத் தாளும் பேனாவும். படத்தைப் பார்த்து ஒருவர் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். முதல் சுற்றில் வரைபவர் வாயே திறக்கக் கூடாது. இரண்டாவது சுற்றில் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். இதற்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1951-இல் ஹரோல்ட் லெவிட், ரொனால்ட் முல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வடிவங்களை வாயால் விவரிக்க வைத்து, கேட்பவர் திருப்பிக் கேட்க முடிகிற நிலையையும் முடியாத நிலையையும் ஒப்பிட்டார்கள். கேள்வி கேட்க முடிந்தபோது துல்லியம் கூடியது, இரு தரப்புக்கும் நம்பிக்கையும் கூடியது. நேரம் மட்டும் அதிகம் பிடித்தது. கேட்கவே முடியாத நிலையில் துல்லியம் குறைந்ததோடு, கேட்பவர்களுக்குச் சொல்பவர் மீது எரிச்சலும் வந்தது.

இந்த எரிச்சலையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஷிஃப்ட் ஹேண்டோவரில் நடப்பது அப்படியே தெரியும். 'பி' ஷிஃப்ட்காரருக்கு 'ஏ' ஷிஃப்ட்காரர் மீது இருக்கும் கோபத்தில் பெரும்பகுதி, திருப்பிக் கேட்க வாய்ப்பில்லாததால் வருவது. விளையாட்டு முடிந்ததும் "நிஜத்தில் ஏன் கேள்வி கேட்பதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒரே பதில்தான் வரும்: கம்பெனி பஸ். ஷிஃப்ட் முடிந்து சில நிமிடங்களில் பஸ் கிளம்பிவிடும், அதைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர்வது பெரும்பாடு. லாக் புக்கில் இரண்டு வரி கிறுக்கிவிட்டு ஓடத்தானே செய்வார்கள்? அப்படியானால் கோளாறு பஸ் நேரத்தில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டியவர் பிளான்ட் மேனேஜர். ஒரு நல்ல ஆக்டிவிட்டி இதையும் வெளியே கொண்டுவரும். இரண்டு தாள் செலவில் இவ்வளவு தெரிய வருகிறது என்பதால் இந்த விளையாட்டு மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. முக்கோணம், சதுரத்துக்குப் பதிலாக அவர்களுடைய மெஷினில் இருக்கும் ஒரு ஃபிக்ஸ்சரின் (பீஸைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) படத்தைக் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் வேலைக்குள் போய்விடும்.

இதோடு ஒப்பிட்டால், பயிற்சியாளர்கள் அதிகம் கையில் எடுக்கும் மார்ஷ்மெல்லோ கோபுரம் இந்தத் தொழிற்சாலைக்குப் பொருந்தாது. விளையாட்டு மோசம் என்று சொல்லவில்லை. பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கி, டாம் வூஜெக் 2010-இல் டெட் மேடையில் பேசிப் பிரபலமாக்கியது அது. வேகாத ஸ்பகெட்டிக் குச்சிகள் 20, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. 18 நிமிடத்தில் தானாக நிற்கிற கோபுரம் கட்டி, உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். மேலாண்மைப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்களைவிட மழலைப் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டினார்கள் என்பது வூஜெக் சொன்ன செய்தி. பெரியவர்கள் யார் தலைவர் என்று பேசி, திட்டம் போட்டு, கடைசி நிமிடத்தில்தான் மார்ஷ்மெல்லோவை மேலே வைப்பார்கள். கோபுரம் சாயும். குழந்தைகள் முதலிலிருந்தே மார்ஷ்மெல்லோவை வைத்து வைத்துப் பார்ப்பார்கள். அவர் சொன்ன இன்னொரு தகவலை நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை: தலைமை அதிகாரிகள் மட்டும் இருந்த குழுக்களைவிட, கூடவே ஒரு நிர்வாக உதவியாளரும் இருந்த குழுக்கள் தெளிவாக நன்றாகச் செய்தன. எல்லோரையும் ஒருங்கிணைத்து வேலையை நகர்த்தத் தெரிந்த ஒரு ஆள் இருந்தால் போதும், விளைவு மாறிவிடுகிறது.

டிசைன் பிரிவுக்கு, புதிய பொருள் உருவாக்கும் குழுவுக்கு, சாஃப்ட்வேர் டீமுக்கு இது அருமையான விளையாட்டு. சீக்கிரம் செய்து பார், உடைந்தால் திருத்து என்ற பாடம் அவர்கள் வேலையோடு ஒட்டும். ஆனால் நம் சூப்பர்வைசர்களின் மூன்று புகாரில் எதையும் இது தொடவில்லை. தவிர, பலர் இதை யூடியூபில் பார்த்திருப்பார்கள், ரகசியம் தெரிந்த பிறகு பாதி சுவை போய்விடும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருப்பதால் சைவக்காரர்கள் சிலர் தொடத் தயங்குவார்கள். சாப்பிடும் பொருளைக் கட்டிப் போட்டு வீணாக்குவது நம் ஆட்கள் பலருக்கு மனசு ஒப்பாது. செய்துதான் ஆக வேண்டும் என்றால் பழைய நியூஸ்பேப்பரும் டேப்பும் போதும்.

மூன்றாவது புகாரான துறைச் சண்டைக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பீர் கேம் மாதிரி வேறொன்று நான் பார்த்ததில்லை. 1960-களில் ஜே ஃபாரஸ்டரின் குழுவினர் உருவாக்கியது. ஒரு மேசையில் நான்கு இடங்கள்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவருக்குச் சீட்டில் ஆர்டர் எழுதி அனுப்ப வேண்டும். பேசக் கூடாது. ஆட்டத்தின் ஒரு சுற்றுதான் ஒரு வாரம். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரத் தாமதம் உண்டு. கையிருப்பில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டாலர். வாடிக்கையாளர் கேட்பது தொடக்கத்தில் வாரம் 4 பெட்டி. ஐந்தாவது வாரம் அது 8 ஆகிறது, அப்புறம் கடைசி வரை 8-தான்.

நடப்பது அவ்வளவுதான். ஆனால் தொழிற்சாலை இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆர்டர் பல மடங்கு ஏறி, பிறகு சரிந்து, பூஜ்யத்தில் வந்து நிற்கும். ஆட்டம் முடிந்ததும் "வாடிக்கையாளர் என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலோர் மேலும் கீழும் அலைபாயும் ஒரு கோட்டை வரைவார்கள். ஒரே ஒரு முறை மட்டும் ஏறிய உண்மையான கோட்டைக் காட்டும்போது மேசையே அமைதியாகிவிடும். எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் இந்த விளையாட்டை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும் இதுவே வருகிறது. வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கணக்கில் எடுக்காமல் மேலும் மேலும் ஆர்டர் போடுகிறோம், பிறகு பழியை வெளியே தேடுகிறோம். ஸ்டோர்ஸ் இன்சார்ஜைப் புரொடக்‌ஷன் இடத்திலும், புரொடக்‌ஷன் ஆளை விநியோகஸ்தர் இடத்திலும் உட்கார வைத்துவிடுங்கள். "அந்தாளு வேணும்னேதான் பண்றான்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவர், அந்த நாற்காலியில் தானும் அதையேதான் செய்தோம் என்பதைக் கண்ணால் பார்ப்பார்.

குறைகளும் உண்டு. நடத்துபவருக்குக் கணக்கும் விளையாட்டின் விதிகளும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், முதல் சில வாரங்கள் குழப்பமாகவே போகும். பேச்சையும் சேர்த்து அரை நாள் வேண்டும். விதிகளைத் தமிழில் அச்சடித்துத் தர வேண்டும். பீர் என்ற பெயர் சிலருக்குச் சங்கடமாக இருக்கும், ஜூஸ் பெட்டி என்று மாற்றினால் ஆட்டம் ஒன்றும் கெடாது. பெரிய குறை வேறு. இது புரிதலைத் தருமே தவிர, பழக்கத்தைத் தராது. குவாலிட்டி ஆளிடம் நாளைக்கு எந்த வார்த்தையில் பேசுவது என்பதை பீர் கேம் சொல்லித் தராது.

அதைச் சொல்லித் தருவது ரோல் பிளே, அதாவது ஒரு காட்சியை நடித்துப் பழகுவது. இரண்டாவது புகாருக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை என்பேன். ஆனால் நம்மிடம் அதிகம் கெடுத்துச் செய்யப்படுவதும் இதுதான். யாரோ இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டு, "நீங்க கோபமான கஸ்டமர், நீங்க எக்சிக்யூட்டிவ்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். நன்றாக நடிக்கத் தெரிந்தவர் கைதட்டு வாங்குவார், கூச்ச சுபாவம் உள்ளவர் அன்றைக்கு மதியம் வரை தலை நிமிர மாட்டார்.

சரியாகச் செய்ய, காட்சி அவர்கள் லைனிலிருந்தே வர வேண்டும். ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டிப்ளமோ முடித்து வந்த 24 வயதுப் பையன் சூப்பர்வைசர், அவருக்குக் கீழே ஐம்பதைத் தாண்டிய ஆபரேட்டர். பீஸில் பர்ர் (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு) இருக்கிறது, வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்ற வேண்டியிருக்கலாம். எப்படிச் சொல்வது? "எத்தனை தடவ சொல்றது, பாத்துப் போட மாட்டியா?" என்பதற்கும், "அண்ணே, இந்த மூணு பீஸ்லயும் பர்ர் இருக்கு. இன்சர்ட் எப்ப மாத்துனீங்க?" என்பதற்கும் உள்ள தூரம் ஒரு முழு வகுப்புக்குச் சமம். இரண்டாவது வாக்கியத்தில் மரியாதை இருக்கிறது, குறிப்பான தகவல் இருக்கிறது, பதில் சொல்ல இடமும் இருக்கிறது. இதைப் போர்டில் எழுதிப் போட்டால் வராது. வாயில் வர வேண்டும், அதுவும் கோபம் இருக்கும்போது வர வேண்டும்.

இன்னொரு காட்சியைத் தவறாமல் சேர்க்கச் சொல்வேன். லைனில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்த இந்தி "இதர் ஆவோ, ஜல்தி கரோ" என்ற அளவில்தான் இருக்கும். அதாவது கட்டளை மட்டும்தான் தெரியும். 'நன்றி', 'சாப்பிட்டாயா', 'புரியவில்லை என்றால் கேள்' என்பதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. அவரும் அறியாமல், நாள் முழுக்க அதட்டுகிற ஆளாகத்தான் அந்தப் பையன்களுக்குத் தெரிவார். இதை ரோல் பிளேயில் வைத்து, சூப்பர்வைசரையே அந்தப் பையன் இடத்தில் நிறுத்தி, புரியாத மொழியில் ஒருவர் விரட்டினால் எப்படி இருக்கும் என்று உணர வைக்கலாம். முடிந்தால் அந்த மொழி பேசும் ஒருவரையே அழைத்துப் பத்து வாக்கியம் சொல்லித்தரச் சொல்லலாம். மாலையே பலன் தெரியும்.

மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டால் மேடைக்கூச்சம் இருக்காது. ஒருவர் சூப்பர்வைசர், ஒருவர் ஆபரேட்டர், ஒருவர் கவனித்துக் குறிப்பெடுப்பவர். ஐந்து நிமிடம் நடத்தி, பேசி, அதே காட்சியை மறுபடி நடத்த வேண்டும். இந்த இரண்டாவது முறைதான் பயிற்சி. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் மன்ற அரங்கிலிருந்து ஒரு உத்தியை எடுத்துக்கொள்ளலாம். பார்த்துக்கொண்டிருப்பவர் "நிறுத்துங்க" என்று சொல்லி, தானே போய் அந்த இடத்தில் நின்று வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம். கட்டாயமாக இரண்டு விதிகள் வேண்டும். நிஜ ஆள் யாரையும் பெயர் சொல்லி நடிக்கக் கூடாது. பிளான்ட் ஹெட் அறையில் இருக்கக் கூடாது, இருந்தால் அவரும் ஆபரேட்டராக நடிக்க வேண்டும்.

ரோல் பிளே சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்கும் மேலாளர்களுக்கு விமானத் துறையைச் சொல்லலாம். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதை இன்னும் காலியாகவில்லையோ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பியும், மூத்த கேப்டன் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் போர்ட்லண்டில், லேண்டிங் கியர் பற்றிய கவலையிலேயே கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்து ஒரு யுனைடெட் விமானம் விழுந்தது. 1979-இல் நாசா இதற்கென்றே ஒரு பயிலரங்கம் நடத்தியது, 1981-இல் யுனைடெட் தன் விமானிகளுக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கியது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படி அழுத்திச் சொல்வது, மேலே இருப்பவர் எப்படிக் காது கொடுப்பது என்பதை சிமுலேட்டரில் முழுப் பயணத்தையும் நடத்திப் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசிக் கற்றுக்கொள்கிறார்கள். அதுவும் ரோல் பிளேதான். பிரஸ் மெஷினில் பாதுகாப்பு சென்சாரை பைபாஸ் செய்து ஓட்டச் சொல்லும்போது "வேணாம் சார்" என்று ஒரு ஆபரேட்டர் சொல்ல முடிகிறதா என்பதில் விரல்கள் இருக்கின்றன. இதைச் சாஃப்ட் ஸ்கில் என்று லேசாக விடக் கூடாது.

எல்லாவற்றிலும் செலவு கூடியது அவுட்பவுண்ட், அதாவது ஆட்களை வெளியூர் கூட்டிப்போய்த் திறந்தவெளியில் நடத்தும் பயிற்சி. ஏற்காடு, ஏலகிரி, ஈசிஆர் ரிசார்ட்டுகள் என்று வார இறுதியில் பனியன் போட்ட குழுக்களை நிறையப் பார்க்கலாம். 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் குர்ட் ஹான் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து வந்த மரபு இது, கடலில் உயிர்தப்ப வேண்டிய இளம் மாலுமிகளுக்கான பயிற்சி. இந்தியாவில் 1984-இல் தொடங்கிய டாட்டா ஸ்டீல் சாகச அமைப்பை, எவரெஸ்ட் ஏறிய பச்சேந்திரி பால் தலைமையேற்று நடத்தினார். அப்படிப் பல நாள், தேர்ந்த ஆட்களோடு, மலையில் நடப்பது ஒரு தரம். ரிசார்ட் புல்வெளியில் அரை நாள் கயிறு இழுப்பது வேறு தரம். புதிதாகச் சேர்ந்த குழு, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் என்றால் இதில் பயன் உண்டு. நம் 25 பேரும் பல வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள், அறிமுகம் அவர்களுக்குத் தேவையே இல்லை.

உடம்பு சம்பந்தப்பட்ட ஆக்டிவிட்டிகளில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்து மற்றவர்கள் பிடிப்பார்கள் என்று நம்பும் விளையாட்டை விட்டுவிடுங்கள். பி.பி. இருப்பவர், முதுகு வலிக்காரர், புடவையில் வந்திருப்பவர், தொடுவதை விரும்பாதவர் என எல்லோரும் ஒரு குழுவில் இருப்பார்கள். 'மாட்டேன்' என்று சொன்னால் ஒத்துழைக்காதவர் என்று பெயர் வந்துவிடும் என்பதால் வாயை மூடிக்கொண்டு கலந்துகொள்வார்கள். கம்பெனிக்கு உண்மையிலேயே ஆட்களை மகிழ்விக்க ஆசை இருந்தால், குடும்பத்தோடு சுற்றுலா அனுப்பட்டும். அது நல்ல விஷயம், பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

விளையாட்டு எவ்வளவு சின்னது என்பது முக்கியமில்லை என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1960-களின் நடுவில் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஹைதராபாத்தின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, காக்கிநாடா வியாபாரிகளுக்குப் பயிற்சி நடத்தினார். அதில் ஒரு விளையாட்டு, குச்சியில் வளையம் எறிவது. எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்பதை எறிபவரே முடிவு செய்யலாம். மிக அருகில் நிற்கிறாரா, எட்டாத தூரத்தில் நிற்கிறாரா, முயன்றால் விழும் தூரத்தில் நிற்கிறாரா என்பதை வைத்து, அவர் தொழிலில் எப்படி ரிஸ்க் எடுக்கிறார் என்ற பேச்சு தொடங்கும். பயிற்சி அங்கே நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தம் தொழிலுக்கு இலக்கு வகுத்தார்கள், ஊர் திரும்பிய பிறகும் கவனிக்கப்பட்டார்கள். பயிற்சி பெறாதவர்களைவிட அவர்கள் அதிகமாகப் புது முயற்சிகளில் இறங்கியதை மெக்லெலண்டும் டேவிட் விண்டரும் 1969-இல் நூலாகவே எழுதினார்கள். வளையம் எறிந்ததோடு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், பின்பேச்சுக்கு விளையாட்டு எடுத்த நேரத்துக்குக் குறையாத நேரம் ஒதுக்க வேண்டும். பயிற்சியாளர்கள் டீபிரீஃப் என்பார்கள். என்ன நடந்தது, நமக்கு எப்படி இருந்தது, நம் லைனில் இது எங்கே நடக்கிறது, வரும் வாரம் எதை மாற்றிச் செய்வோம் என்ற வரிசையில் போனாலே போதும். மாலையில் வாங்கும் ஃபீட்பேக் படிவத்தில் 'எக்ஸலன்ட்' என்று டிக் அடித்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியின் பலனை நான்கு மட்டங்களாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு வந்ததா. அந்தப் படிவம் முதல் மட்டத்தை மட்டுமே பார்க்கிறது.

இந்தத் தொழிற்சாலைக்கு என் சிபாரிசு இதுதான். ஒரு முழு நாளை இரண்டு அரை நாளாக உடைத்து, நடுவில் மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். முதல் அரை நாளில் முதுகோடு முதுகு வரைதல், அப்புறம் ரோல் பிளே. இரண்டாவது அரை நாளின் தொடக்கத்தில், இடைப்பட்ட நாட்களில் என்ன செய்து பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு, கிடைத்த புதுக் காட்சிகளை வைத்து மறுபடி ரோல் பிளே. பீர் கேம் இந்த 25 பேருக்கு மட்டும் வேண்டாம். குவாலிட்டி, ஸ்டோர்ஸ், பிளானிங் ஆட்களையும் சேர்த்து வேறொரு நாளில் வையுங்கள், சண்டையின் மறுபாதி அறையில் இல்லாமல் அதை விளையாடிப் பயனில்லை.

பயிற்சி நிறுவனத்துக்கு பி.ஓ. (பர்சேஸ் ஆர்டர்) போடுவதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டியவை சில உண்டு. முன்கூட்டியே வந்து ஒரு ஷிஃப்ட் மாற்றத்தையாவது நேரில் பார்ப்பார்களா? விளையாட்டு, பின்பேச்சு இரண்டுக்கும் எத்தனை நிமிடம் என்று தனித்தனியாக எழுதித் தருவார்களா? கலந்துகொள்ள விரும்பாதவருக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்கள்? தமிழில் நடத்துவார்களா, அல்லது ஸ்லைடு ஆங்கிலத்திலும் ஜோக் மட்டும் தமிழிலுமா? முதல் கேள்விக்கே தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எல்லாம் சொல்லியும், உற்பத்தி அழுத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆட்களை விட முடியாது என்றால், மற்ற அனைத்தையும் விட்டுவிட்டு ஹேண்டோவரை மட்டும் ரோல் பிளேயாக நடத்துங்கள். நின்றுகொண்டு, நிஜ லாக் புக்கைக் கையில் வைத்து, பஸ் கிளம்பும் நேரத்தைச் சுவரில் எழுதிப் போட்டு.